பத்திரம் பத்திரமா இருக்கணும்னா டின்னைக் கவனிங்க

சுங்குவார்சத்திரத்தைச் சுத்தி இருக்கிற ஊர்கள்ல எந்தப் பழைய வீட்டுக்குப் போனாலும், பரண் மேலயோ பீரோ மேலயோ ஒரு டின் இருக்கும். தீபாவளிக்கு யாரோ கொடுத்த பிஸ்கட் டின், தாத்தா காலத்து மூக்குப்பொடி டப்பா, இல்லன்னா பச்சை பெயின்ட் அடிச்ச தகர டிரங்குப் பெட்டி. உள்ள என்னன்னு கேட்டா, "அதெல்லாம் முக்கியமான பேப்பர், கை வைக்காத" அப்படின்னு பதில் வரும். கிரயப் பத்திரம், பட்டா, பாகப்பிரிவினைக் காகிதம், கிஸ்தி கட்டின ரசீது. நம்ம பக்கம் நிலத்துக்கு இன்னிக்கு என்ன மதிப்புன்னு நான் சொல்ல வேண்டியதில்ல. சிப்காட் வந்த பிறகு அரை சென்ட்டுக்குக்கூட பங்காளிங்க வக்கீல் வீட்டுக்கு நடக்கறாங்க.

பதிவு பண்ணின பத்திரமா இருந்தா சார்பதிவாளர் ஆபீஸ்ல நகல் வாங்கிக்கலாம். அலைச்சல்தான், ஆனா கிடைக்கும். பதிவே பண்ணாத கைச்சீட்டு, பங்காளிங்க கையெழுத்து போட்ட வெள்ளைத்தாள், பழைய ரசீது இதெல்லாம் உலகத்துலயே ஒரே ஒரு பிரதிதான். அதுவும் அந்த டின்னுக்குள்ள. டின் துருப்பிடிச்சா அது டின்னோட நிக்காது. துருவுல இருந்து வர்ற இரும்பு பேப்பருக்குள்ள இறங்கி, காத்துல இருக்கிற ஆக்சிஜன் பேப்பர் நாரை அரிக்கிற வேகத்தைக் கூட்டிவிடும். பழைய பத்திரத்துல குண்டூசி குத்தின இடத்தைச் சுத்தி பழுப்பா கறை படிஞ்சு, தொட்டா பொடிஞ்சு ஓட்டையாகிறதைப் பார்த்திருப்பீங்க. அதேதான்.

இதுல வேடிக்கை என்னன்னா, அந்தப் பரண்ல இருந்து பஸ் ஏறினா அரை மணி நேரத்துல ஒரகடம். அங்க பெயின்ட்கூட அடிக்காத ஸ்டீல் பாகங்களை பாலிதீன் கவர்ல போட்டு கப்பல் ஏத்தறாங்க. வாரக்கணக்கா கடல்ல போயும், அங்க போய்ப் பிரிச்சா பளபளன்னு இருக்கு. அந்தப் பாகத்தைப் பேக் பண்ற அக்காவோட வீட்டுல இருக்கிற டின் துருப்பிடிச்சுக் கிடக்குது. கம்பெனிக்குத் தெரிஞ்சது பரணுக்கு ஏன் வரலைன்னு யோசிச்சதுதான் இந்தக் கட்டுரை.

தகரம்னா எந்தத் தகரம்?

முதல்ல பேர்லயே ஒரு குழப்பம் இருக்கு. நம்ம ஊர்ல 'தகரம்'னு ஒரே வார்த்தையை மூணு பொருளுக்குச் சொல்றோம். கூரைக்குப் போடற ஷீட் இரும்பு மேல துத்தநாகம் பூசினது. பிஸ்கட் டின் இரும்பு மேல வெள்ளீயம் பூசினது. டிரங்குப் பெட்டி சிலது துத்தநாகம் பூசின ஷீட், சிலது வெறும் இரும்புத் தகடு மேல பெயின்ட். மூணும் துருப்பிடிக்கிற விதம் வேற வேற.

வெள்ளீயப் பூச்சு நமக்குப் புதுசு இல்ல. பித்தளைப் பாத்திரத்தை நெருப்புல காய்ச்சி, நவச்சாரம் தூவி, துணியால வெள்ளீயத்தை இழுத்துப் பூசுவாங்களே, "பாத்திரத்துக்கு ஈயம் பூசறதே..."ன்னு தெருவுல குரல் கொடுத்துட்டு வருவாங்களே, அதே உலோகம்தான். ரசம் வைக்கிற ஈயச் சொம்பும் அதுதான். (வெறும் சொம்பை அடுப்புல வெச்சா உருகிடும்னு பாட்டிங்க திட்டறது சும்மா இல்ல. வெள்ளீயத்தோட உருகுநிலை 232 டிகிரிதான்.) இந்தியாவுல இதை இரும்புத் தகட்டு மேல பெரிய அளவுல பூச, ஜாம்ஷெட்பூர் பக்கத்துல கோல்முரியில தி டின்பிளேட் கம்பெனி 1920ல தொடங்கினாங்க.

பிஸ்கட் டின்ல அந்தப் பூச்சு எவ்வளவு தடிமன்னு கணக்கு போட்டுப் பாருங்க. மெல்லிசான ரகத்துல ஒரு சதுர மீட்டருக்கு, ஒரு பக்கத்துக்கு, 2.8 கிராம் வெள்ளீயம். அடர்த்தி ஒரு கன சென்டிமீட்டருக்கு 7.3 கிராம். வகுத்தா 0.38 மைக்ரான் வரும். தலைமுடி சுமார் 70 மைக்ரான். அதாவது ஒரு முடியோட தடிமனை 180 கூறு போட்டா அதுல ஒரு கூறு! இவ்வளவு மெல்லிசா பூசும்போது கண்ணுக்குத் தெரியாத துளைகள் இல்லாம இருக்கவே முடியாது.

அந்தத் துளையிலதான் வில்லங்கம். பன்னிரண்டாவது கெமிஸ்ட்ரியில மனப்பாடம் பண்ணின மின்முனை அழுத்தம் ஞாபகம் இருக்கா? துத்தநாகம் மைனஸ் 0.76 வோல்ட், இரும்பு மைனஸ் 0.44, வெள்ளீயம் மைனஸ் 0.14. கூரை ஷீட்ல கீறல் விழுந்தா, இரும்பை விட துத்தநாகம் சுலபமா கரையும். அண்ணன் அடி வாங்கி தம்பியைக் காப்பாத்தற மாதிரி அது கரைஞ்சு இரும்பைக் காப்பாத்தும். பிஸ்கட் டின்ல கதை தலைகீழ். ஈரம் பட்டா கரையற வேலை இரும்போடது. சுத்தி இருக்கிற பெரிய வெள்ளீயப் பரப்பு முழுக்க கேத்தோடா நிக்கும், நடுவுல ஊசிமுனை அளவு இரும்பு மட்டும் ஆனோடு. மொத்த அரிப்பும் அந்த ஒரு புள்ளியில இறங்கும். அதனாலதான் பழைய டின்ல துரு பரவலா வராம புள்ளி புள்ளியா வந்து, ஒரு நாள் ஓட்டையாகுது. வெள்ளீயம் வெறும் சட்டை மாதிரி. கிழியாத வரைக்கும் நல்லது, கிழிஞ்சா அதுவே எதிரி.

(சீல் பண்ணின பழ டின்னுக்குள்ள மட்டும் இது மாறும். காத்து இல்லாத இடத்துல பழ அமிலம் வெள்ளீயத்தைக் கட்டி இழுக்கறதால, அங்க வெள்ளீயம் கரைஞ்சு இரும்பைக் காப்பாத்தும். நம்ம பரண் டின்னுக்கு அந்தக் கொடுப்பினை இல்ல.)

தண்ணி எங்கிருந்து வருது?

"எங்க வீடு ஒழுகாதே, டின் எப்படித் துருப்பிடிக்குது?" நிறைய பேர் கேக்கற கேள்வி. துருவுக்கு மழைத்தண்ணி தேவையில்ல. இங்கிலாந்துல டபிள்யூ. எச். ஜே. வெர்னான் 1920, 30கள்ல பண்ணின சோதனைகள்ல ஒண்ணு தெரிஞ்சது: காத்துல ஈரப்பதம் ஒரு எல்லைக்குக் கீழ இருந்தா இரும்பு ரொம்ப மெதுவாத்தான் துருப்பிடிக்கும். அந்த எல்லையைத் தாண்டினா வேகம் சட்டுன்னு ஏறிடும். சுத்தமான இரும்புக்கு அந்த எல்லை சுமார் 60 சதவீதம்னு வெச்சுக்கலாம். ஐப்பசி, கார்த்திகையில நம்ம பக்கம் காலையில 80 சதவீதத்துக்கு மேல சர்வ சாதாரணம்.

உப்பு சேர்ந்தா இன்னும் மோசம். சாப்பாட்டு உப்பு 75 சதவீத ஈரப்பதத்துல காத்துல இருந்து தானே தண்ணியை இழுத்து உப்புக் கரைசலாயிடும். நாம கடற்கரையில இருந்து உள்ள தள்ளி இருக்கோம். மண்டபம் மாதிரி இல்ல. (காரைக்குடி மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிறுவனம் கடல் காத்துல உலோகம் எப்படி அரிக்குதுன்னு பார்க்கவே மண்டபத்துல ஒரு மையம் வெச்சிருக்காங்க. அழகப்பச் செட்டியார் நிலமும் பணமும் கொடுத்து வந்த நிறுவனம் அது. துருவைப் பத்திப் படிக்க ஆசை இருக்கிறவங்க வெளிநாட்டுக்கு முன்னாடி காரைக்குடியைப் பாருங்க.) ஆனா நமக்கும் உப்பு வர்ற வழி இருக்கு: கை. வேர்வையில உப்பும் லாக்டிக் அமிலமும் இருக்கு. டின்னைத் தொட்டுத் தூக்கி மேல வெச்ச இடத்துல விரல் அச்சு அப்படியே துருவா எழுந்து வரும்.

அடுத்தது பனி. பகல்ல 33 டிகிரி, 60 சதவீத ஈரப்பதம்னு வெச்சுக்குங்க. அந்தக் காத்தோட பனிநிலை சுமார் 24 டிகிரி. ராத்திரி ஷீட் கூரை வானத்தைப் பார்த்துக் குளிர்ந்து, அதுக்கடியில இருக்கிற டின்னும் 24க்குக் கீழ இறங்கினா, டின் மேல வேர்த்துடும். காலையில வெயில் வந்ததும் காஞ்சுடும். யாரும் பார்க்க மாட்டாங்க. மாசத்துல பத்து ராத்திரி இப்படி நடந்தா, பத்து தடவை நனைஞ்ச டின்.

போன வருஷம் நான் இன்டர்ன்ஷிப் போன ஒரு பார்ட்ஸ் கம்பெனியில (பேர் வேண்டாம்) இதையே வேற ரூபத்துல பார்த்தேன். மழை சீசன்ல கஸ்டமர்கிட்ட இருந்து ஒரு லாட் துருன்னு திரும்பி வந்தது. உடனே பழி யார் மேல? பேக்கிங்ல இருந்த கான்ட்ராக்ட் அக்காங்க மேல. "கிளவுஸ் போடாம தொட்டிருப்பாங்க, கை வேர்வை." ரெண்டு பேரை லைன் மாத்திட்டாங்க. கை வேர்வை நிஜமான காரணம்தான், சிலருக்கு வேர்வையே மத்தவங்களை விட அதிகமா அரிக்கும், அதை மறுக்கல. ஆனா அந்தத் துரு விரல் அச்சு மாதிரி இல்ல. ரெண்டு பாகம் ஒண்ணை ஒண்ணு தொடற இடத்துலயும், அடி விளிம்புலயும் கோடு கோடா இருந்தது. அதாவது தண்ணி வழிஞ்சு தேங்கற இடங்கள்.

அங்க இருந்த ஒரு டெக்னீஷியன் அண்ணன்தான் ரூட்டை நடந்து காட்டினார். பாகங்களை அளக்கற ரூம் ஏ.சி. 20 டிகிரி. அங்கிருந்து ட்ரேயைத் திறந்தபடியே பேக்கிங் ஏரியாவுக்குக் கொண்டு வர்றாங்க. அங்க 32 டிகிரி, 70 சதவீத ஈரப்பதம். அந்தக் காத்தோட பனிநிலை கிட்டத்தட்ட 26. ஃப்ரிட்ஜ்ல இருந்து எடுத்த தண்ணி பாட்டில் வேர்க்கிற மாதிரி 20 டிகிரி ஸ்டீல் வேர்க்காம என்ன செய்யும்? அந்த ஈரத்து மேலயே எண்ணெய் தடவி, கவர்ல போட்டு, சீல் பண்ணி, தண்ணியையும் சேர்த்து அனுப்பியிருக்காங்க. அதுக்கப்புறம் ட்ரேயை மூடி, பாகம் வெளிச்சூட்டுக்கு வர்ற வரைக்கும் காத்திருந்து திறக்கணும்னு மாத்தினாங்க. லைன் மாத்தின அக்காங்க நான் கிளம்பற வரைக்கும் பழைய இடத்துக்கு வரல.

உள்ள இருக்கிற தண்ணி

இப்ப டின்னுக்குள்ள வருவோம். 5 லிட்டர் டின், 30 டிகிரி, 80 சதவீத ஈரப்பதம். உள்ள இருக்கிற காத்துல எவ்வளவு தண்ணி? சுமார் 0.12 கிராம். ரெண்டு மூணு சொட்டு. ஆனா அதே ஈரப்பதத்துல 1 கிலோ பேப்பர் கிட்டத்தட்ட 100 கிராம் தண்ணியைப் பிடிச்சு வெச்சிருக்கும்! தொட்டா காஞ்ச மாதிரிதான் இருக்கும். அரை டம்ளர் தண்ணி உள்ள ஒளிஞ்சிருக்கு. மூடி எவ்வளவு டைட்டா இருந்தாலும், தண்ணியை உள்ள வெச்சுத்தான் பூட்டறோம். ராத்திரி டின் சுவர் குளிர்ந்தா பேப்பர்ல இருந்து ஈரம் அங்க போகும்.

வெளிநாட்டுல பைப் புகையிலையை டின்னோட வாங்கி பத்து, இருபது வருஷம் ஒயின் மாதிரி பழசாக்கி வெக்கற ஆளுங்க இருக்காங்க. அவங்களுக்கு இந்தப் பிரச்சினை இன்னும் சிக்கல். புகையிலை காஞ்சுடக் கூடாது, ஈரமாத்தான் இருக்கணும். ஆனா அந்த ஈரமே டின்னை உள்ளிருந்து அரிக்கும். ஊசித்துளை விழுந்தா வேக்யூம் போயிடும், சரக்கு காஞ்சு வீணாகும். அவங்களால உள்ள உலர்த்த முடியாது. அதனால வெளிப்புறத்துக்கு மெழுகு பூசி, குளிர்ச்சி சூடு மாறாத இடத்துல வெப்பாங்க, இல்லன்னா கண்ணாடி ஜாடிக்கு மாத்திடுவாங்க. நமக்கு அந்தக் கஷ்டம் இல்ல. பேப்பர் காஞ்சே இருக்கலாம்.

அப்ப என்னதான் பண்றது?

ஷூ டப்பாவுல வர்ற சிலிக்கா ஜெல் பாக்கெட்டை ஒண்ணு போட்டா போதும்னு நினைக்கிறவங்களுக்கு ஒரு கணக்கு. 80 சதவீத ஈரப்பதத்துல ஊறின 1 கிலோ பேப்பரை 40 சதவீத நிலைக்குக் கொண்டு வர சுமார் 40 கிராம் தண்ணியை வெளிய எடுக்கணும். 40 சதவீத ஈரப்பதத்துல சிலிக்கா ஜெல் தன்னோட எடையில அஞ்சுல ஒரு பங்குதான் பிடிக்கும். அப்ப 200 கிராம் ஜெல் வேணும். 5 கிராம் பாக்கெட் 1 கிராம் தண்ணியைக் குடிச்சுட்டு தூங்கிடும். ஜெல்லால பேப்பரை உலர்த்த நினைக்காதீங்க. பேப்பரை முதல்ல உலர்த்திட்டு, மூடி வழியா கசியற ஈரத்துக்கு மட்டும் ஜெல்லை காவலுக்கு வைங்க. 50 கிராம் போதும். நிறம் மாறற ரகம் வாங்கினா எப்ப நிரம்புதுன்னு தெரியும். நீல ஜெல் ரோஸ் ஆனா, 110, 120 டிகிரி அவன்ல ரெண்டு மணி நேரம் வெச்சா திரும்ப நீலமாகும். ஆனா நீலத்துக்குக் காரணம் கோபால்ட் குளோரைடு, அது விஷம். சமையல் அவன்ல வெக்காதீங்க, சாப்பாட்டு டின்ல போடாதீங்க. ஆரஞ்சு நிற ஜெல் கிடைச்சா அதை வாங்குங்க.

டின்னோட உலோகத்துக்கு என் ஓட்டு மெழுகுக்குத்தான். சாதாரண கார் வேக்ஸ், இல்லன்னா வேஸ்லின். டின்னை ஸ்பிரிட்ல துடைச்சு, நல்லா காய வெச்சு, சுத்தமான துணியில தொட்டு மெல்லிசா, குறிப்பா மடிப்பு, மூடி விளிம்பு, கீறல் இருக்கிற இடம். வேலை செய்யும்போது கிளவுஸ் போட்டுக்குங்க. வேஸ்லின் வெளிப்பக்கம் மட்டும், உள்ள தடவினா பேப்பர்ல எண்ணெய் ஊறும். எங்க ஆயா அரிவாள்ல இருந்து தையல் மெஷின் வரைக்கும் எல்லாத்துக்கும் தேங்காய் எண்ணெய்தான் போடுவாங்க. வாரா வாரம் துடைச்சுத் தடவற அரிவாளுக்கு அது சரி. பத்து வருஷம் தொடாம வெக்கற டின்னுக்கு சரியில்ல. எண்ணெய் சிக்குப்பிடிச்சு கொழுப்பு அமிலமா உடையும், அந்த அமிலமே உலோகத்தைத் தின்னும். கம்பெனியில தடவற துரு தடுப்பு எண்ணெய்ல சல்ஃபோனேட் மாதிரி சேர்மானங்கள் உலோகத்தை ஒட்டிக்கிட்டு தண்ணியைத் தள்ளும், அதனாலதான் அது நிக்குது.

அடுத்தது ஒரகடத்து ரகசியம்: வி.சி.ஐ. பழுப்புப் பேப்பராவோ, லேசான நீலம், மஞ்சள் நிற பாலிதீன் கவராவோ பார்த்திருப்பீங்க. அதுல இருக்கிற மருந்து மெதுவா ஆவியாகி, மூடின இடத்துக்குள்ள பரவி, உலோகத்து மேல கண்ணுக்குத் தெரியாத படலமா படியும். முதல்ல பிரபலமானது டைசைக்ளோஹெக்சைல் அமோனியம் நைட்ரைட். ஒரு மூச்சுல சொல்லிட்டீங்கன்னா வைவால பாஸ். எண்ணெய் போக முடியாத இடுக்குக்கும் ஆவி போகும், அதான் இதோட அழகு. ஆனா மூணு விஷயம் கவனிக்கணும். கவர் மூடியிருக்கணும், திறந்து போட்டா ஆவி பறந்துடும். மருந்துக்கும் உலோகத்துக்கும் நடுவுல ஒரு அடிக்கு மேல இடைவெளி கூடாது. காயலான் கடையில கிலோ கணக்குல கிடைக்கிற பழைய கவர்ல மருந்து தீர்ந்து போயிருக்கும், அது வெறும் பாலிதீன். பத்திரத்தோட சேர்த்து உள்ள போட எனக்கு மனசு வரல. பேப்பர் மேல அந்த ரசாயனம் படறது தேவையில்லாத வேலை. மெழுகு போட்ட டின்னை முழுசா புது வி.சி.ஐ. கவருக்குள்ள வெச்சு மூடினா வெளிப்புறம் பாதுகாப்பு. சாப்பிடற பொருள் இருக்கிற டின்னுக்கு இது வேண்டவே வேண்டாம்.

அந்துருண்டை பூச்சிக்குத்தான், துருவுக்கு இல்ல. ஜெம் கிளிப், ஸ்டேப்ளர் பின், குண்டூசி எல்லாத்தையும் பத்திரத்துல இருந்து மெதுவா கழட்டிடுங்க, நூலால கட்டுங்க.

ஏற்கனவே துரு வந்த டின்னா? புளி, எலுமிச்சை போட்டு தேய்க்கணும்னு கை துருதுருக்கும். துரு போகும், ஆனா அமிலம் மடிப்புல தங்கி மறுநாளே புதுத் துரு வரும். அதுக்கு மேல, பாதி வெள்ளீயமும் சேர்ந்து தேய்ஞ்சுடும். உதிர்ற துருவை மட்டும் பிரஷ்ஷால தட்டிட்டு, டேனிக் அமிலம் இருக்கிற ரஸ்ட் கன்வெர்ட்டரை புள்ளி புள்ளியா தொட்டு வைங்க. துரு கருப்பா மாறும். கடுக்காயும் இரும்பும் சேர்ந்தா மை கருப்பாகுதே, அதே வேதியியல். காஞ்ச பிறகு மெழுகு. துரு ஒட்டின பேப்பரை மட்டும் இதெல்லாம் பண்ணிப் பார்க்காதீங்க, அதை ஸ்கேன் பண்ணிட்டு தனியா வைங்க.

"எதுக்குடா இவ்வளவு, எவர்சில்வர் சம்படத்துல போட்டு வை"ன்னு கேட்டா, பதில் சொல்ல முடியாது. பத்திரத்துக்கு அதுதான் சரி. குரோமியம் இருக்கிற ஸ்டீல் நம்ம பரண்ல நூறு வருஷம் தாங்கும். ஆனா எங்க ஆயாகிட்ட போய் தாத்தாவோட டின்னை மாத்தச் சொல்லிப் பாருங்க. டின்னையும் காப்பாத்தணும்னு இருக்கிற வீட்டுக்குத்தான் மேல சொன்னது.

எந்த டப்பாவா இருந்தாலும் மூடற நேரம் முக்கியம். அக்னி நட்சத்திர மத்தியானம், 38 டிகிரி, ஈரப்பதம் 40 சதவீதத்துக்கு வந்திருக்கும். அன்னிக்கு பேப்பரை ஃபேன் காத்துல, நிழல்ல, காலை 11ல இருந்து 3 மணி வரைக்கும் பிரிச்சுப் போடுங்க. வெயில்ல போட்டா மை வெளிறிடும். பேப்பர்ல தண்ணி 100 கிராம்ல இருந்து 60 கிராம் பக்கம் இறங்கும். 3 மணிக்கே உள்ள வெச்சு, ஜெல் போட்டு, மூடி விளிம்பைச் சுத்தி இன்சுலேஷன் டேப் ஒட்டிடுங்க. ராத்திரி டின் குளிர்ந்தா உள்ள இருக்கிற காத்து ஈரமாகப் பார்க்கும். ஆனா காத்துல இருக்கிறது ரெண்டு மூணு சொட்டு, பக்கத்துல ஒரு கிலோ காஞ்ச பேப்பர், அதுவே குடிச்சுடும். அதே டின்னை சாயங்காலம் 7 மணிக்கு, மழை வாசனை வரும்போது மூடினீங்கன்னா கணக்கு வேற.